யட்சியும் இளைஞரும்

அனந்தபுரியில் வாழும் தமிழராகிய நமக்கு இரத்தம் குடிக்கும் பேரழகி புதியவள் அல்லள். பழையனூர் நீலியின் வஞ்சம் சம்பந்தர் காலத்திலேயே அறியப்பட்டது. பழைய திருவிதாங்கூரின் தென்பகுதியிலோ கள்ளியங்காட்டு நீலி வழிப்போக்கரைக் கலங்க வைத்தாள். 1909 முதல் வெளிவந்த கொட்டாரத்தில் சங்குண்ணியின் 'ஐதிக்யமாலை'யிலும் யட்சிகள் பலர் உலவுகின்றனர். நள்ளிரவில் ஒருத்தி வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்பாள். பனைமரம் மாளிகையாய்த் தோன்றும். விடிந்தால் மயிரும் நகமுமே எஞ்சும். இளைஞரை அச்சுறுத்தவே இவை பிறந்தன என்பர். அச்சம் ஒன்றே கருத்தாயின் அவளுக்கு அத்துணை அழகு எதற்கு? கேட்டவர் உள்ளூர அவளைக் காண விழைந்தனர் என்றே கருதுகிறோம்.

1967-இல் மலையாற்றூர் இராமகிருஷ்ணன் 'யட்சி' நாவலில் அவ்விழைவைத் துணிந்து தொட்டார். அமிலத்தால் முகம் சிதைந்த பேராசிரியனை ஓர் அழகி விரும்பி மணக்கிறாள். தன்னையும் ஒருத்தி விரும்புவாள் என அவனால் நம்ப இயலவில்லை. அவளை யட்சியென ஐயுறுகிறான். அழிபவள் அவளே.

அமெரிக்காவில் ஸ்டெபனி மேயர் 2005-இல் வெளியிட்ட 'டுவைலைட்'டில், காதலியின் குருதிக்குத் தவிக்கும் நாயகன் தன்னை அடக்கிக்கொள்கிறான். கொல்ல வல்லவன் கொல்லாதிருப்பதே இளம் வாசகியரை மயக்கிற்று.

2025-இல் வந்த 'லோகா' மலையாளத் திரைப்படத்தில் கள்ளியங்காட்டு நீலியே பெங்களூரில் எளியோரைக் காக்கிறாள். எதிர்வீட்டு இளைஞன் அஞ்சியும் அவளை நாடுகிறான். சுண்ணாம்பு கேளாத நீலியை நம் பாட்டியர் ஏற்றிருப்பரோ, ஐயமே! பேரப்பிள்ளைகளோ அரங்குகளை நிறைத்தனர்.