வேங்கடச் சாரலில் மதுக்கடை இரவுகள்

ஓர் ஊரின் வரலாற்றைக் கோயில் கல்வெட்டிலும் கோட்டை மதிலிலும் தேடுவது அறிஞர் மரபு. சந்திரகிரிக் கோட்டையைப் பற்றியும் திருமலைக் கல்வெட்டுகளைப் பற்றியும் ஆன்றோர் பலர் நிறைய எழுதியுள்ளனர். ஆயினும் ஊர் என்பது பகலில் மட்டும் வாழ்வதன்று. பொழுது சாய்ந்தபின் மக்கள் எங்கே கூடினர், எதைப் பருகினர், அன்றைய கூலியை எவர் கையில் கொடுத்துவிட்டு வீடு திரும்பினர் என்பனவும் வரலாறே ஆகும். பிழைப்பின் பொருட்டுச் சித்தூரிலும் திருப்பதியிலும் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பத்தினராகிய நாம், நாம் வாழும் மண்ணின் இரவு வரலாற்றையும் அறிந்துகொள்ளுதல் நன்று.

அவ்வரலாற்றை ஆராய்ந்தால் ஓர் உண்மை புலப்படும். மதுக்கடையின் விளக்கு குடிப்பவன் விருப்பத்தால் மட்டும் எரிவதில்லை. அரசின் கருவூலமும் நாட்டின் எல்லைக்கோடும் அதனை ஏற்றுகின்றன; அணைக்கவும் செய்கின்றன. அவ்விளக்கிற்கு எண்ணெய் வார்ப்பதோ நம் வீட்டு அடுப்பு.

புல்லி ஆண்ட மலை

வேங்கடம் தமிழகத்தின் வடவெல்லை எனத் தொல்காப்பியப் பாயிரம் கூறுவதை நம் குழந்தைகளும் அறிவர். அம்மலையைச் சங்ககாலத்தில் புல்லி என்னும் தலைவன் ஆண்டான். அகநானூற்றின் 61-ஆம் பாடலில் மாமூலனார் அவனையும் அவன் நாட்டையும் பாடியுள்ளார். வில்லேந்திய வேட்டுவர் யானையின் வெண்கோட்டைக் கொணர்வதும், நறவு விற்ற நெல்லைக் கொண்டு மகிழ்ந்து கொண்டாடுவதும் அப்பாட்டில் வருகின்றன. விழாக்கள் மிகுந்த மலை என்றே புலவர் வேங்கடத்தைச் சிறப்பிக்கின்றார். ஆகவே, இம்மலைச் சாரலில் மதுவும் வாணிகமும் கைகோத்தது ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுப் பழைமை உடையது.

அக்காலத்தில் மது விருந்தின் ஒரு பகுதியாக இருந்தது. அதியமான் ஔவைக்குக் கள் அளித்ததைப் புறநானூறு மறைக்கவில்லை. அதே தமிழில்தான் வள்ளுவர் ‘கள்ளுண்ணாமை’ என ஓர் அதிகாரமே வகுத்தார். விருந்தில் பங்கிட்டுப் பருகிய நிலை மாறி, விலை கொடுத்துத் தனித்துக் குடிக்கும் நிலை பிற்காலத்தில் வளர்ந்தது. அந்நிலையை முறைப்படுத்தி அதில் வருவாய் கண்டது ஆங்கில ஆட்சி.

மரவரியும் ஏலமும்

1886-ஆம் ஆண்டில் சென்னை அப்காரிச் சட்டம் பிறந்தது. கள் இறக்கும் மரத்திற்கு வரி விதிக்கப்பட்டது. கடை நடத்தும் உரிமை ஏலத்தில் விடப்பட்டது. ஏலத்தொகையைக் கட்டிய குத்தகைதாரர் அதனை மீட்க வேண்டுமானால் விற்பனையைப் பெருக்கியே தீரவேண்டும். மக்கள் மிகுதியாகக் குடித்தால் குத்தகைதாரருக்கு இலாபம்; அடுத்த ஏலத்தில் தொகை உயர்ந்தால் சர்க்காருக்கு இலாபம். குடிப்பவன் ஒருவனைத் தவிர ஏனைய அனைவரும் கணக்குப் புத்தகம் வைத்திருந்தனர்.

பனங்கள்ளும் ஈச்சங்கள்ளும் இச்சீமையின் பழைய பானங்கள். நாம் கள் என்பதைத் தெலுங்கர் ‘கல்லு’ என்பர். சாராயத்தைச் ‘சாரா’ என்பர். வைகறையில் இறக்கிய கள் மாலைக்குள் புளித்துவிடும். வைத்து விற்க இயலாது. ஆதலால் கள்ளுக்கடை உள்ளூர்க் கடையாகவே இருந்தது. சாராயமோ நெடுநாள் கெடாதது; நெடுந்தொலைவு செல்வது. கரும்பு விளையும் சித்தூர்ப் பகுதியில் வெல்லத்திற்குக் குறைவில்லை. வெல்லம் இருக்கும் இடத்தில் ஊறல் போடக் கற்றுக்கொள்வதும் அரிதன்று. கடை மூடிய காலங்களிலெல்லாம் காட்டோரத்தில் அடுப்பு எரிந்ததற்கு இதுவே காரணம்.

கடல் கடந்த உடன்பிறப்பு

நம் கள்ளுக்கடைக்கு மெக்சிகோ நாட்டில் ஓர் உடன்பிறப்பு உண்டு. அங்கு ‘மாகே’ என்னும் பெருங்கற்றாழையின் நடுவைக் குடைந்து, அதில் ஊறும் இனிய சாற்றை நீண்ட சுரைக்குடுக்கையால் உறிஞ்சி எடுப்பர். நம் பதநீரைப் போன்ற அச்சாறு புளித்தால் ‘புல்க்கே’ என்னும் கள்ளாகும். அதுவும் விரைவில் கெடுவது. ஆதலால் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இருப்புப்பாதை அமைந்ததும், ஆப்பம் சமவெளியிலிருந்து தலைநகரத்திற்குப் புல்க்கே ஏற்றிய ரயில்கள் ஓடத் தொடங்கின. பாலும் காய்கறியும் போல் கள்ளும் ரயிலேறி நகரத்துக் கடைகளை நிறைத்தது. இருப்புப்பாதை ஊழியராகிய நம்மவர் இதனைக் கேட்டு வியப்படையலாம்.

அம்மாநகரின் கரிபால்தி சதுக்கத்தில் 1925-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட தெனாம்பா என்னும் மதுக்கூடம் மரியாச்சி இசைக்குப் பெயர் பெற்றது. இரவு முழுதும் இசைக்குழுவினர் அச்சதுக்கத்தில் கூடுவர். கேட்க இனிய செய்திதான். ஆனால் அந்நாட்டு மதுக்கூடங்களில் 1980-களின் தொடக்கம் வரை பெண்கள் நுழையச் சட்டம் இடம் தரவில்லை. கூலி செலவாகும் இடத்தை மனைவி எட்டிப் பார்க்கவும் இயலாத ஏற்பாடு அது.

அதே நாட்டின் வட எல்லையில் தீஹுவானா என்னும் ஊர் உள்ளது. 1920-ஆம் ஆண்டு அமெரிக்க ஐக்கிய நாட்டில் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. உடனே எல்லைக்கு இப்பால் இருந்த அச்சிற்றூர் மதுக்கடைகளால் நிறைந்தது. 1928-இல் ஆகுவா காலியெந்தே என்னும் பெரிய கேளிக்கை மாளிகையும் சூதாட்ட அரங்கும் அங்கு எழுந்தன. 1933-இல் அமெரிக்கா மதுவிலக்கைக் கைவிட்டது, 1935-இல் மெக்சிகோவின் குடியரசுத் தலைவர் கார்தெனாஸ் சூதாட்டத்தைத் தடை செய்தார், மாளிகை மூடப்பட்டது. ஓர் ஊரின் இரவைப் பக்கத்து நாட்டின் சட்டம் படைத்தது. சட்டங்கள் மாறியபோது அவ்விரவும் ஒளி மங்கியது. இக்கதையை மனத்திற் கொண்டு நம் எல்லைக்கு வருவோம்.

1938-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள்

1911-இல் உருவான சித்தூர் மாவட்டம் அந்நாளில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. முதலமைச்சர் இராஜாஜி அவர்கள் 1937-ஆம் ஆண்டு அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு அதே நாளில் அது சித்தூருக்கும் கடப்பைக்கும் வந்தது. 1939 அக்டோபர் 1 அன்று வட ஆர்க்காட்டிற்கும் விரிந்தது. இழந்த வருவாயை ஈடுசெய்ய 1939-இல் விற்பனை வரி விதிக்கப்பட்டது. இன்று நாம் கடையில் வாங்கும் பொருளுக்கு வரி செலுத்துகின்றோம் அன்றோ? அவ்வழக்கத்தின் வேர்களுள் ஒன்று, மூடப்பட்ட கள்ளுக்கடையின் அடியில் இருக்கின்றது.

இவ்வாண்டுகளின் வரிசையைக் கவனிக்க வேண்டும். சித்தூரில் கடை மூடிய பின்னரும் ஓராண்டுக் காலம் வேலூர்ப் பக்கத்தில் கடை திறந்திருந்தது. மேற்கே மைசூர்ச் சமஸ்தானமும் அருகில் இருந்தது. காட்பாடிக்கும் சித்தூருக்கும் இடையே 40 கிலோமீட்டர்கூட இல்லை. சட்டத்திற்கு எல்லை உண்டு, தாகத்திற்கு இல்லை. தீஹுவானாவின் கதை இங்கும் வேறு பெயரில் நடப்பதற்கு எல்லா வாய்ப்பும் இருந்தது.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஆளுநர் ஆட்சி இம்மதுவிலக்கை நிறுத்தி வைத்தது. நாடு விடுதலை பெற்றபின், ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் அவர்கள் ஆட்சியில் 1948-ஆம் ஆண்டு அக்டோபர் 2 அன்று மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தது.

மதுவிலக்கினால் வாழ்விழந்தவர்களையும் மறத்தல் அறமன்று. மரமேறிக் கள் இறக்கியவர்கள் வேறு தொழில் அறியாதவர்கள். 1953-இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபின் அவர்கள் சார்பில் கௌது லச்சண்ணா போராடினார். மதுவிலக்கைக் கைவிடலாம் என அரசு அமைத்த இராமமூர்த்தி குழு பரிந்துரைத்தது. அரசு அதனை ஏற்கவில்லை. இதன் விளைவாக 1954 நவம்பரில் ‘ஆந்திர கேசரி’ பிரகாசம் அவர்களின் அமைச்சரவை சட்டமன்றத்தில் ஒரே வாக்கு வேறுபாட்டில் கவிழ்ந்தது. கள்ளுப் பானைக்கு அமைச்சரவையைக் கவிழ்க்கும் ஆற்றலும் உண்டு என்று நாடு கண்டது.

எல்லைக்கோட்டின் இரு புறம்

அதன்பின் நடந்தவற்றை ஓர் ஊஞ்சலாட்டம் எனலாம். ஆந்திரத்தில் 1960-களின் இறுதியில் மதுவிலக்கு தளர்ந்தது. தமிழ்நாட்டில் கடை திறக்கவில்லை. 1971-இல் தமிழ்நாடும் கடை திறந்தது. 1974-க்குள் கள்ளுக்கடையையும் சாராயக்கடையையும் மீண்டும் மூடியது. 1981-இல் அங்கு மறுபடியும் திறப்பு. 1987-இல் கள்ளுக்கும் சாராயத்திற்கும் மறுபடியும் தடை. 1995-இல் ஆந்திரம் முழு மதுவிலக்கை மேற்கொண்டபோது தமிழ்நாட்டில் சீமை மது விற்கப்பட்டு வந்தது. ஒரு பக்கம் இருண்டால் மறுபக்கம் விளக்கெரியும்.

அண்மைச் சான்றும் உண்டு. 2020-ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில், நோய்த்தொற்று ஊரடங்கிற்கு இடையே ஆந்திரத்தில் மதுக்கடைகள் திறந்தன. கூட்டத்தைக் குறைப்பதற்கென விலை 75 விழுக்காடு உயர்த்தப்பட்டும் கூட்டம் குறையவில்லை. அண்டை மாநிலங்களில் கடை திறந்தமையால் மக்கள் எல்லை கடப்பதைத் தடுப்பது கடினமாயிற்று என்பதையே காரணமாகக் காட்டித் தமிழ்நாடும் மே 7 அன்று கடை திறந்தது. 1938-இன் பாடம் 82 ஆண்டுகளுக்குப் பின்னும் மாறவில்லை.

எழுத்தறிந்த பெண்கள்

இவ்வூஞ்சலை ஒருமுறை கை வைத்து நிறுத்தியவர்கள் ஆட்சியாளர் அல்லர். நம் அண்டை மாவட்டமாகிய நெல்லூரின் ஏழைப் பெண்கள். 1980-களில் சாராயம் சிறு பாலிதீன் பைகளில் அடைக்கப்பட்டுக் கிராமம்தோறும் சென்றது. முன்பு குடிப்பவன் கடையைத் தேடிச் சென்றான். இப்போது கடை அவன் வாசலைத் தேடி வந்தது. கூலி வீட்டை அடையும் முன்பே செலவாயிற்று.

அந்நாளில் முதியோர் கல்வி இயக்கம் நெல்லூரில் தொடங்கியது. வகுப்பிற்கு வந்த பெண்கள் பாடநூலில் குடிகாரக் கணவனால் துன்புறும் பெண்ணின் கதையைப் படித்தனர். அது தங்கள் கதை எனக் கண்டனர். 1992-இல் தூபகுண்டா என்னும் சிற்றூரில் வர்தினேனி ரோசம்மா முதலிய பெண்கள் ஒன்றுகூடிச் சாராயத்தை ஊருக்குள் நுழையவிடாமல் தடுத்தனர். செய்தி பரவியது. ஏல நாளன்று பெண்கள் திரண்டு வந்து ஏலத்தையே நிறுத்தினர். சித்தூர் மாவட்டத்திலும் இவ்வெழுச்சி எதிரொலித்தது. ஏலமேடை துடைப்பத்தின் முன் அசைந்தது. 1993 ஏப்ரலில் நெல்லூரிலும், அவ்வாண்டு அக்டோபர் 1 அன்று மாநிலம் முழுவதும் சாராயம் தடை செய்யப்பட்டது. 1995 ஜனவரியில் என். டி. இராமராவ் அவர்களின் அரசு முழு மதுவிலக்கைக் கொண்டுவந்தது.

முழு மதுவிலக்கு 1997-இல் தளர்த்தப்பட்டது. வருவாய் இழப்பும் எல்லை தாண்டிய கடத்தலும் அதற்குக் காரணங்கள். 2019-இல் கடைகளை அரசே ஏற்று நடத்தியது. 2024 அக்டோபரில் அவை மீண்டும் தனியார் உரிமத்திற்குச் சென்றன. ஊஞ்சல் ஓயவில்லை. ஆயினும் ‘அ, ஆ’ கற்ற கை ஒரு மாநிலத்தின் கலால் கணக்கையே திருத்தியது என்னும் வரலாறு அழியாது.

மற்றோர் இரவு

மதுக்கடை ஏன் மனிதனை ஈர்க்கின்றது? மதுவின் மயக்கம் பாதி. ஒளியும் பேச்சும் தோழமையும் மறுபாதி. உழைத்துக் களைத்தவன் வீட்டுத் திண்ணைக்கு அப்பால் ஓர் உலகத்தைத் தேடுகின்றான். அத்தேட்டம் குற்றமன்று. அதற்கு இம்மண் முன்னரே வேறு விடையும் கண்டிருந்தது.

சித்தூர்ச் சீமையில் கோடைதோறும் திரௌபதியம்மன் கோயில்களிலும் தர்மராசர் கோயில்களிலும் மகாபாரத விழா நடைபெறும். பகலில் கதை, இரவில் விடியும்வரை கூத்து. அர்ச்சுனன் தவத்திற்காக நடிகர் உயர்ந்த மரத்தின்மேல் ஏறுவார். பல ஊர்களில் அது பனைமரமே. கள்ளுக்காக ஏறிய பனையே தவத்திற்காகவும் ஏறப்படுகின்றது. இறுதியில் மண்ணால் செய்த துரியோதனன் படுகளத்தில் வீழ்வான். தமிழ் வழங்கும் ஊரிலும் தெலுங்கு வழங்கும் ஊரிலும் இவ்விழா ஒன்றே.

திருப்பதியில் வைகாசியை ஒட்டி நிகழும் கங்கம்மா ஜாத்திரையை நாம் அறிவோம். பெண்களைத் துன்புறுத்திய ஒரு பாளையக்காரனை அம்மன் வேடம் மாறிச் சென்று அழித்தாள் என்பது கதை. அதன் நினைவாக ஆடவர் சேலை அணிந்து வீதிவலம் வருவர். பெண்ணின் துயரை ஆண் தன் உடலில் ஏற்றுக்கொள்ளும் விழா என்று அதனைக் கொள்ளலாம். மதுவும் புகையும் ஊனும் தடை செய்யப்பட்ட திருமலைக்கு அலிபிரிப் படியேறுவோரும், நள்ளிரவு ரயிலில் வந்திறங்கித் தேநீர்க் கடையில் கூடும் பல மொழி மக்களும் இவ்வூரின் இரவிற்கு வேறோர் ஒளி தருகின்றனர்.

ரயில்வே குடியிருப்புகளில் சம்பளம் ரொக்கமாக வழங்கப்பட்ட காலத்தில், அந்நாள் மாலை வீட்டில் விளக்கேற்றி வாசலை நோக்கியிருந்த தாய்மார் பலர். இன்று சம்பளம் வங்கிக்குச் செல்கின்றது. காத்திருத்தல் ஒழிந்ததா என்பதை ஒவ்வொரு குடும்பமும் தன் நெஞ்சைக் கேட்டுக்கொள்ள வேண்டும். சட்டம் வரும், போகும், எல்லை மாறும். அவற்றை நம்பி ஒரு குடும்பம் வாழ இயலாது. மாலையில் மனிதனுக்குக் கூடுமிடம் வேண்டும். அதனை மதுக்கடை தருமுன் சங்கம் தரட்டும். நம் படிப்பகத்தின் விளக்கு இரவு ஒன்பது மணிவரை எரியட்டும். ஆண்டிற்கு ஒருமுறையேனும் நம் குடியிருப்பில் கூத்து நடக்கட்டும். அங்கே பெண்டிரும் சிறாரும் முன்வரிசையில் அமரட்டும். நறவு மகிழ்ந்த வேங்கடத்தில் நற்றமிழ் மகிழும் இரவுகளை நம் பிள்ளைகளுக்கு விட்டுச் செல்வோமாக.

வாழ்க தமிழ்! வளர்க சங்கம்!