கைப்பேசிச் செய்தியும் தொழிலாளர் அமைப்பும்: ஸ்ரீபெரும்புதூர் மறியல் (2021) – ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

தொழிலாளர் ஒன்றுகூடச் செய்தி பரவும் வழி இன்றியமையாதது. சமூக ஊடகம் அவ்வழியை விரைவாக்கியுள்ளது. எனினும், செய்தியால் கூடிய கூட்டம் தானாகவே அமைப்பாகிவிடுமா என்னும் வினா எஞ்சுகிறது. 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர்ப் பகுதியில் பாக்ஸ்கான் ஆலைப் பெண் தொழிலாளர் நடத்திய சாலை மறியலைக் கொண்டு இவ்வினாவை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முன்னை மரபு

1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. பி.பி. வாடியா அதன் தலைவரானார், திரு.வி.க. உடன் நின்றார். அதற்கு முன்பே, பெரம்பூர் ஆலைத் தொழிலாளர் தம் குறைகளைச் செல்வபதி செட்டியார், இராமானுஜலு நாயுடு ஆகியோரிடம் கூறிவந்தனர். அவர்கள் நடத்திய கடை தொழிலாளர் வந்து பேசும் இடமாயிற்று. ஆங்குச் செய்தி மெல்லப் பரவியது. ஆனால் அது சென்று சேர நிலையான ஓரிடம் இருந்தது. அவ்விடமே பின்னர்ச் சங்கத்திற்கு வித்தாயிற்று.

விடுதியும் வாட்ஸ்அப்பும்

ஐபோன் தயாரிக்கும் பாக்ஸ்கான் ஆலையில் அப்போது ஏறத்தாழ 17,000 பேர் பணியாற்றினர். பெண்களுள் பலர் வெளிமாவட்டங்களிலிருந்து வந்து, வெவ்வேறு விடுதிகளில் தங்கி, பேருந்தில் ஆலைக்குச் சென்றுவந்தனர். ஆலைவாயிலில் நின்று உரையாடும் பழைய வாய்ப்பு இவர்களுக்கு அரிது. சிதறிய விடுதிகளை இணைத்தது கைப்பேசியே.

பூந்தமல்லியை அடுத்த விடுதியொன்றில் உணவு நஞ்சானதால் 250க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். அவர்களுள் 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். சிலர் இறந்துவிட்டனர் என்னும் பொய்ச் செய்தி வாட்ஸ்அப் வழியே பரவியது. டிசம்பர் 17 இரவு சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் பெண்கள் திரளாக அமர்ந்தனர். மறியல் மறுநாளும் நீடித்தது, ஆலை மூடப்பட்டது.

இவ்வதந்தியைத் தொழில்நுட்பத்தின் தீங்கு என்று மட்டும் கொள்வது பொருந்தாது. மருத்துவமனையில் உள்ளோர் நிலையை உசாவி, நம்பத்தக்க விடையைத் தொழிலாளர்க்குக் கூறும் பொறுப்புடைய சங்கம் எதுவும் அவ்விடத்தில் இல்லை. அவ்வெற்றிடத்தையே வதந்தி நிரப்பியது. நெடுநாளாக மனத்தில் அடங்கியிருந்த உணவு, உறைவிடக் குறைகள் அதற்கு நம்பகத்தன்மை அளித்தன. இறப்புச் செய்தி பொய். அதனை நம்பவைத்த வாழ்நிலை மெய்.

மறியலின் விளைவு

விடுதிகளும் உணவுக்கூடங்களும் தன் தரநிலைக்கு உகந்தவையாக இல்லை என்று ஆப்பிள் நிறுவனம் ஒப்புக்கொண்டு, ஆலையைக் கண்காணிப்பின்கீழ்க் கொணர்ந்தது. 2022 ஜனவரி 12 அன்று ஆலை மீண்டும் இயங்கத் தொடங்கியது. ஓரிரவு மறியல் உலகச் சந்தை வரை எட்டியமை பெரும் வெற்றியே. ஆயின் சீர்திருத்தத்தை மேற்பார்வையிடும் பொறுப்பு, பொருள் வாங்கும் நிறுவனத்திடமும் அதன் தணிக்கையாளரிடமும் சென்றது. தொழிலாளர் குரலால் தொடங்கியது, தொழிலாளர் கையில் தங்கவில்லை.

இதனோடு சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலைத் தொழிலாளரின் 2024ஆம் ஆண்டு வேலைநிறுத்தம் ஒப்பிடத்தக்கது. சி.ஐ.டி.யு. துணையுடன் 37 நாள்கள் நடந்த அப்போராட்டத்தின் முதன்மைக் கோரிக்கை சங்கத்திற்கான ஏற்பு. உயர்நீதிமன்றத்தை நாடிய பின்னர், 2025 ஜனவரியில் அச்சங்கம் பதிவு பெற்றது. இங்கும் கைப்பேசி இருந்தது. அதற்கு மேலாக, பேச்சுவார்த்தையில் அமரத் தொழிலாளர் சார்பாளரும் இருந்தனர்.

முடிவுரை

சமூக ஊடகம் தொழிலாளரைத் திரட்டும் காலத்தைச் சுருக்குகிறது. ஒருவரையொருவர் நம்பும் உறவையும், உடன்படிக்கையைக் காக்கும் பொறுப்பையும் அது தானே ஆக்கித் தருவதில்லை. 1918இல் இடம் முந்தியது, திரட்சி பிந்தியது. 2021இல் திரட்சி முந்தியது, இடம் வாய்க்கவில்லை. எனவே, இணையவழித் திரட்சியை மதிப்பிடும் ஆய்வுகள், எத்தனை பேர் கூடினர் என்பதோடு, கலைந்தபின் அவர்கள் சார்பில் பேச யார் எஞ்சினர் என்பதையும் வினவுதல் வேண்டும்.