பொருள்வயிற் பிரிந்த மகளிர்

நம் அகப்பாட்டில் பொருள் தேடிப் பிரிபவன் தலைவன். தலைவி மனையிலிருந்து நாள் எண்ணுவாள். அவள் வீட்டை நீங்குவது உடன்போக்கில்தான். அப்போதும் தனியே செல்வதில்லை. பின்தங்கிப் புலம்புபவள் நற்றாய். இம்மரபில் தோய்ந்த நம் வட்டத்து அன்பர்கள், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த அமெரிக்கப் புதினங்கள் சிலவற்றைக் கையிலெடுத்தால் துறைகள் இடம் மாறிக் கிடப்பதைக் காண்பர். அங்கே பெண்ணே பொருள்வயிற் பிரிகிறாள், துணையின்றிப் பிரிகிறாள். நற்றாய் மட்டும் பழைய இடத்திலேயே இருக்கிறாள்.

இப்புதினங்களைப் பற்றிய திறனாய்வு பெரும்பாலும் திருமணத்தையே சுற்றிவருவது. நாயகி மணந்தாளா, மணவாழ்வை உதறினாளா, இறுதியில் மாய்ந்தாளா என்று கேட்டு, விடைக்கேற்பப் புதினத்தின் துணிவை அளப்பர். கேட் ஷோப்பன் 1899இல் வெளியிட்ட ‘தி அவேக்கனிங்’ புதினத்தில் எட்னா கடலில் இறங்கி உயிர் துறக்கிறாள். எடித் வார்ட்டன் 1905இல் படைத்த லில்லி பார்ட், தொப்பிக் கடையில் ஊசி பிடிக்கவும் கைவராமல் உறக்கமருந்தில் முடிகிறாள். இவற்றுக்கு அந்த அளவுகோல் பொருந்தும். ஆனால் உழைத்து உயர்ந்த பெண்களின் கதைகளுக்கு அது போதாது. அவர்கள் கணக்குத் தீர்க்க வேண்டியிருந்தது கணவனிடம் அன்று, தாயிடம் என்பதே என் கருத்து.

தியடோர் டிரைசரின் ‘சிஸ்டர் கேரி’ 1900ஆம் ஆண்டு வெளிவந்தது. பதினெட்டு வயதுக் கேரி, 1889 ஆகஸ்டில், கைப்பையில் நான்கு டாலருடன் சிகாகோவுக்கு ரயிலேறுகிறாள். தாய் முத்தமிட்டு வழியனுப்பும்போது கண்ணீர் பெருகுகிறது. அது முதற்பத்தி. அதன்பின் அத்தாய்க்குக் கதையில் இடமே இல்லை. காலணித் தொழிற்சாலையில் வாரக்கூலி நாலரை டாலர். அதில் நான்கு டாலரைத் தங்கியிருக்கும் தமக்கை வீட்டுக்குக் கொடுத்துவிட வேண்டும். எஞ்சிய அரை டாலரில் ஒரு பெண் மானத்தோடு வாழ இயலாது என்பதை டிரைசர் விளக்கமாகச் சொல்வதில்லை; கூலியையும் செலவையும் அருகருகே வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார். இறுதியில் அவள் நியூயார்க்கு மேடையில் வாரம் 150 டாலர் பெறும் நடிகையாகிறாள். ஒழுக்கம் தவறியவள் தண்டனையின்றி உயர்ந்துவிட்டாளே என்பதுதான் அக்காலத்தாரை உறுத்தியது. பதிப்பாளர் நிறுவனமே நூலை வேண்டாவெறுப்பாக வெளியிட்டது. ஏறத்தாழ 1,000 படிகளுள் 456 மட்டுமே விற்றன. தண்டனை பற்றி இத்தனை பேசியவர்கள், விட்டுவந்த தாயை அவள் ஒருமுறையும் நினையாததைப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. ஆண் எழுதிய புதினம் என்பதனால் இந்த மறதி நேர்ந்தது என்று சொல்லத் துணியேன். ஆயினும் இதே பிரிவைப் பெண்கள் எழுதியபோது தாய் மறைந்துபோகவில்லை என்பது நோக்கத்தக்கது.

எட்னா ஃபெர்பர் (1885–1968) இதனைத் தலைகீழாக்கினார். அவருடைய எம்மா மெக்செஸ்னி, மணமுறிவு பெற்றவள். உள்பாவாடை நிறுவனம் ஒன்றின் விற்பனையாளராக ஊர் ஊராக ரயிலில் சென்று ஆர்டர் பிடிப்பவள். இங்கே பொருள்வயிற் பிரிபவளே தாய்; காத்திருப்பவன் பதின்பருவ மகன். இக்கதைகள் 1913 முதல் 1915 வரை மூன்று நூல்களாயின. முதல் நூலின் பெயர் ‘ரோஸ்ட் பீஃப், மீடியம்’. ஆண்டுக்கணக்கில் விடுதி உணவு தின்று, எளிய பண்டமே வயிற்றுக்குப் பாதுகாப்பு என்று தெளிந்த ஒருத்தியின் அனுபவம் அத்தலைப்பில் இருக்கிறது. ஃபெர்பரின் தந்தை பார்வை இழந்தபோது கடையைத் தாமே ஏற்று நடத்தியவர் அவருடைய தாய். எம்மாவின் கணக்குப் புத்தகம் நம்பும்படி இருப்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. இக்கதைகள் நகைச்சுவைக்காகப் படிக்கப்பட்டன. ஆழம் குறைவு என்று ஒதுக்கப்பட்டதும் உண்டு. ஆழம் குறைவுதான். ஆனாலும் ஒரு பெண் தன் தொழிலில் தேர்ந்தவள் என்பதையே கதையின் இன்பமாக ஆக்கியவர்கள் அவருக்கு முன் மிகச் சிலரே.

கவிஞர்கள் தவறாது படிக்கவேண்டியது வில்லா கேதரின் ‘தி சாங் ஆஃப் தி லார்க்’ (1915). கேதர் மெக்ளூர்ஸ் இதழில் ஆசிரியப் பணியாற்றி, அப்பணி தம் எழுத்தைத் தின்பதை உணர்ந்து விலகியவர். ஸ்வீடனில் பிறந்து அமெரிக்காவில் புகழ்பெற்ற இசைநாடகப் பாடகி ஒலிவ் ஃப்ரெம்ஸ்டாடை நேரில் கண்டு 1913இல் கட்டுரை எழுதினார். அப்பாடகியின் உழைப்பையும் தம் இளமையையும் கலந்து தேயா க்ரான்போர்க் என்னும் நாயகியை உருவாக்கினார்.

கொலராடோ மாநிலத்துச் சிற்றூர் மூன்ஸ்டோன். குருவானவர் வீட்டில் பிள்ளைகள் எழுவர். அவர்களுள் தேயாவிடம் ஏதோ ஒன்று இருக்கிறது என்று வீட்டில் முதலில் கண்டுகொண்டவள் தாய். பாசத்தைப் பேச்சில் காட்டாதவள். மகளின் பயிற்சிநேரத்தில் பிறர் குறுக்கிடாமல் காத்தவள். அவளை மணக்க எண்ணியிருந்த ரயில்வே ஊழியர் ரே கென்னடி விபத்தில் இறக்க, அவர் விட்டுச்சென்ற 600 டாலர் காப்பீட்டுப் பணத்தில் தேயா சிகாகோ செல்கிறாள். பியானோ கற்கப் போனவளிடம் குரல் இருப்பதை ஆசிரியர் கண்டுபிடிக்கிறார். களைத்துச் சோர்ந்த ஒரு கோடையில் அரிசோனாவின் பள்ளத்தாக்கு ஒன்றில், குன்றுமுழைகளில் வாழ்ந்து மறைந்த தொல்குடிப் பெண்களின் பானையோடுகளை எடுத்துப் பார்க்கிறாள். தண்ணீர் முகக்கும் கலத்துக்கு அலங்காரம் எதற்கு? தேவைக்குமேல் அவர்கள் இட்ட கோலம் அவளை நிறுத்துகிறது. ஓடுகின்ற வாழ்வைக் கணநேரம் ஏந்திப் பிடிக்கும் கலமே கலை, தன் தொண்டையும் அத்தகைய ஒரு கலம் என்று உணர்கிறாள். இப்பகுதியை நான் பலமுறை படித்திருக்கிறேன். கவிதையியல் பற்றிய எத்தனையோ நூல்களைவிட இதனால் எனக்கு விளங்கியது மிகுதி.

பின்னர்தான் அந்தச் செய்தி வருகிறது. தேயா ஜெர்மனியில் இருக்கிறாள். ஊரில் தாய் நோயுற்றுக் கிடக்கிறாள். டிரெஸ்டன் அரங்கில் வாக்னரின் இசைநாடகத்தில் எலிசபெத்தாகப் பாடும் வாய்ப்பு அப்போதுதான் கைக்கு எட்டியிருக்கிறது. அவள் வரவில்லை. தாய் மகளைக் காணாமலே இறக்கிறாள்.

கேதர் இதனை நியாயப்படுத்தவில்லை, கண்டிக்கவும் இல்லை. இந்த இடத்தில் பலர் தேயாவைக் கைவிட்டுவிடுவர். கடல்கடந்து பொருளீட்டச் சென்ற மகன் தாயின் இறப்புக்கு வரவில்லை என்றால் விதியை நொந்துகொள்ளும் நாம், மகள் என்றவுடன் நெஞ்சை அளக்கத் தொடங்குகிறோம். அதற்காகத் தேயாவின் செயல் எளிதாகிவிடாது. அக்குரலைக் காத்து வளர்த்தவளே அக்குரலால் இழக்கப்பட்டாள் என்பது கசப்பான உண்மை. கேதர் அதனை மென்மையாக்காமல் விட்டதே இப்புதினத்தின் நேர்மை. வெற்றிபெற்ற கலைஞரின் வாழ்வு போராடும் கலைஞரின் வாழ்வு அளவுக்குச் சுவையானதன்று என்று 1932இல் எழுதிய முன்னுரையில் தம் நூலையே அவர் குறை கூறினார். பின்பு பிற்பகுதியைச் சுருக்கவும் செய்தார். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வெற்றிக்குப் பின்வரும் அந்தக் கடன் சொல்லப்படாவிட்டால் முற்பகுதியின் போராட்டம் வெறும் உழைப்பாளர் கதையாக நின்றிருக்கும்.

அக்கடனை மிக வெளிப்படையாகப் பேசியவர் ஆன்சியா யெஸியெர்ஸ்கா. போலந்திலிருந்து பெற்றோருடன் நியூயார்க்கின் கிழக்குச் சேரிக்கு வந்த யூதப் பெண். தம் சிறுமகளைக் கணவரிடம் விட்டுப் பிரிந்தவர். 1925இல் வந்த அவருடைய ‘பிரெட் கிவர்ஸ்’ புதினத்தின் நாயகி சாரா ஸ்மொலின்ஸ்கி. தந்தை மறைநூல் ஓதுபவர். மகள்களின் கூலியில் உண்பவர். மூத்த மகளிர் மூவருக்கும் தாம் விரும்பியவாறே மணம் முடித்தவர். சாரா பதினேழு வயதில் வெளியேறுகிறாள். பகலில் சலவைக்கூடத்தில் துணி தேய்ப்பு, இரவில் பள்ளி.

கடுங்குளிர் இரவொன்றில் கதவு தட்டப்படுகிறது. நியூ ஜெர்சியிலிருந்து தாய் வந்திருக்கிறாள், இறகுமெத்தையையும் ஊறவைத்த மீன் ஜாடியையும் சுமந்துகொண்டு. எப்போது வீட்டுக்கு வருவாய் என்று கேட்கிறாள். படிப்பு முடியும்வரை நேரமில்லை என்கிறாள் மகள். கல்லூரியில் தேறி, ஆசிரியராகத் தகுதி பெற்றுத் திரும்பும்போது ஆறாண்டுகள் ஓடிவிட்டன; தாய் இறுதிப் படுக்கையில் இருக்கிறாள். அடக்கத்தின்போது மரபுப்படி உடையைக் கிழிக்க வருகிறார்கள். சாரா மறுக்கிறாள். அவளிடம் இருப்பது அந்த ஓர் ஆடைதான். அதை உடுத்தித்தான் வேலைக்குப் போகவேண்டும். கிழிப்பதனால் தாய் திரும்பி வரப்போவதில்லை. சூழ நின்றவர்கள் அவளைக் கல்நெஞ்சக்காரி என்கிறார்கள்.

இங்கே புலம்ப வேண்டிய நற்றாய் மண்ணுக்குள் இருக்கிறாள். புலம்பல் மகளுடையதாகிறது, அதுவும் வாய்விட்டு அழ இடமில்லாமல். யெஸியெர்ஸ்கா இத்துடன் முடிக்கவில்லை. தான் யாரை எதிர்த்து வெளியேறினாளோ அந்தத் தந்தை, முதுமையில் தெருவில் சில்லறைப் பொருள் விற்பதைச் சாரா காண்கிறாள். தன் வீட்டுக்கு அழைத்துக்கொள்ள இசைகிறாள். அவர் ஓதும் குரல் கேட்கிறது. அவளுக்கு அது ஆறுதலாக இல்லை, தலைமுறைகளின் சுமையாகவே தோள்மீது இறங்குகிறது. புதினம் நெடுங்காலம் மறக்கப்பட்டிருந்தது. ஆசிரியர் 1970இல் காலமானார். நூல் 1975இல் மறுபதிப்புப் பெற்றது.