வேலூரில் வளர்ந்த செருப்பும் நம் இடுப்பு வலியும்

நம் பக்கத்தில் எந்தக் கல்யாண மண்டபத்துக்குப் போனாலும், வாசலில் கிடக்கும் செருப்புகளில் நாலைந்து ஜோடி தடித்த, மெத்தென்ற அட்டை வைத்தவையாக இருக்கும். எல்லாம் நம் வயதுக்காரர்களுடையவை. கடைக்காரரைக் கேட்டால் "எம்.சி.ஆர். செருப்பு" என்பார். சிலர் "டாக்டர் செருப்பு" என்பார்கள். குதிகால் வலிக்கு என்று ஒருவர் வாங்குவார், முழங்காலுக்கு என்று இன்னொருவர். இடுப்பு வலிக்கு என்று வாங்கியவர்களில் நானும் ஒருவன்.

எம்.சி.ஆர். என்றால் மைக்ரோ செல்லுலார் ரப்பர். உள்ளே கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னக் காற்றறைகள் உள்ள ரப்பர். விரலால் அழுத்தினால் அமுங்கும், விட்டால் எழும்பும். இந்த ரப்பரைச் செருப்பாக்கி நோயாளிகளின் காலில் போட்டுப் பார்த்தது எங்கோ வெளிநாட்டில் அல்ல. படவேட்டிலிருந்து கண்ணமங்கலம் வழியாக பஸ் ஏறினால் போய்ச் சேரும் வேலூரிலும், காட்பாடிக்கு அப்பால் உள்ள கரிகிரியிலும்தான். இடுப்பு வலிக்காரர்களுக்காகவும் அது உருவாகவில்லை. வலியே தெரியாதவர்களுக்காக உருவானது.

டாக்டர் பால் பிராண்ட் 1914-ல் நம் கொல்லிமலையில் பிறந்தவர். பெற்றோர் அங்கே ஊழியம் செய்த ஆங்கிலேயர்கள். லண்டனில் அறுவை சிகிச்சை படித்துவிட்டு 1946-ல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்தார். அந்தக் காலத்தில் தொழுநோய் வந்தால் விரல்கள் தாமாகவே அழுகி விழும் என்றுதான் ஊரும் நம்பியது, பல மருத்துவர்களும் நம்பினார்கள். பிராண்டும் உடன் பணியாற்றியவர்களும் நோயாளிகளைக் கூடவே இருந்து கவனித்தார்கள். நோய் நரம்பைக் கெடுக்கிறது, அதனால் வலி தெரியாமல் போகிறது, வலி தெரியாததால் காயம் ஏற்படுகிறது, அந்தக் காயம்தான் விரலையும் பாதத்தையும் தின்கிறது என்று கண்டார்கள்.

நமக்குக் காலில் ஒரே இடத்தில் கொஞ்ச நேரம் அழுத்தினால், நாம் அறியாமலே பாதத்தை மாற்றி வைத்து நடப்போம். உணர்ச்சி இல்லாத கால் அப்படி மாற்றாது. மைல் கணக்கில் அதே இடத்தில் ஊன்றி ஊன்றி, கடைசியில் புண்ணாகிவிடும். ஆகவே மருந்து மட்டும் போதாது, செருப்பும் வேண்டும் என்று முடிவு செய்தார்கள். உள்ளே அழுத்தத்தைப் பரப்பும் மெத்தென்ற ரப்பர், அடியில் முள் ஏறாத கெட்டியான அட்டை. ஆணி கூடாது, ஏனென்றால் ஆணி மேலே எழும்பிக் குத்தினாலும் அவர்களுக்குத் தெரியாது. செருப்பு கழன்று போனாலும் தெரியாது என்பதால் பின்னால் ஒரு வார். 1955-ல் கரிகிரியில் தொழுநோய் ஆராய்ச்சி நிலையம் தொடங்கிய பிறகு அங்கேயும் இந்த வேலை நடந்தது.

அந்தச் செருப்புக்கு ஒரு துக்கமும் உண்டு. அதைக் காலில் பார்த்தாலே இன்ன நோய்க்காரர் என்று தெரிந்துவிடும். டீக்கடைக்காரர் தனி டம்ளரை எடுப்பார். அதற்குப் பயந்தே பலர் செருப்பைத் துணிப்பையில் மறைத்துக்கொண்டு, புண்காலோடு வெறுங்காலில் நடந்தார்கள். பிற்பாடு சர்க்கரை நோயில் காலுணர்ச்சி இழந்தவர்களுக்கும் இதே ரப்பர்தான் கைகொடுத்தது. இன்று நாம் காசு கொடுத்து வாங்கி, மண்டப வாசலில் தைரியமாக விட்டுவிட்டு உள்ளே போகிறோம்.

இந்தச் செருப்பு இடுப்பு வலியைத் தீர்க்குமா? அதைச் சொல்லுமுன் தறியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

தேவிகாபுரம், ஒண்ணுபுரம், முள்ளிப்பட்டு என்று ஆரணிச் சேலை நெய்யும் ஊர்களில் நம் தலைமுறை வளர்ந்தது குழித்தறியில். நெய்பவர் தரை மட்டத்தில் உட்கார்ந்திருப்பார், கால் குழிக்குள் மிதியில் இருக்கும். செருப்புக்கு அங்கே இடமில்லை. முதுகு முன்னால் வளைந்திருக்கும், கை நாடாவை ஓட்டும், கண் பாவில் இருக்கும். முகூர்த்தச் சேலை என்றால் நாள் கணக்கில் அதே வளைவு. நெசவாளர் கூட்டுறவு சங்கத்தில் கணக்கெழுதப் போகுமுன் நானும் அந்தக் குழியில் பன்னிரண்டு வருஷம் கால் விட்டவன். அண்ணன் கடைசிவரை தறியை விடவில்லை.

அண்ணனுக்கு நாற்பது வயதில் இடுப்பு பிடித்துக்கொண்டது. "டிஸ்க் விலகிவிட்டது, அசையக்கூடாது" என்று பலகையில் படுக்க வைத்தார்கள். ஒரு மாதம் படுத்தார். எழுந்தபோது கால்கள் குச்சியாகிவிட்டன. மறுபடி தறியில் உட்காரப் பயம். வலி போனாலும் பயம் போகவில்லை. வீட்டில் ஒரு தறி நின்றால் என்ன ஆகும் என்று நெசவுக் குடும்பங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. அன்றைக்கு உலகம் முழுக்க அதுதான் வைத்தியம். 1934-ல் அமெரிக்காவின் பாஸ்டனில் மிக்ஸ்டர், பார் என்ற இரு மருத்துவர்கள், முதுகெலும்புத் தட்டு பிதுங்கி நரம்பை அழுத்துவதை விளக்கிக் கட்டுரை எழுதினார்கள். உண்மையான கண்டுபிடிப்புதான். ஆனால் அதன் பிறகு எல்லா இடுப்பு வலிக்கும் 'டிஸ்க்' என்றே பேராகி, படுக்கையே மருந்தாகிவிட்டது.

இது மாற அரை நூற்றாண்டு ஆனது. 1986-ல் அமெரிக்காவில் இடுப்பு வலிக்காரர்கள் 203 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவை 2 நாள், மற்றதை 7 நாள் படுக்கச் சொன்னார்கள். 2 நாள் பிரிவினர் சீக்கிரம் வேலைக்குத் திரும்பினார்கள், மற்றபடி வித்தியாசமில்லை. 1995-ல் பின்லாந்தின் ஹெல்சிங்கி நகர ஊழியர்கள் 186 பேரிடம் நடந்த ஆய்வில், திடீர் இடுப்பு வலிக்குப் படுத்தவர்களைவிட, முடிந்த அளவு வழக்கமான வேலைகளைப் பார்த்தவர்களே விரைவில் குணமானார்கள்.

ஆனால், அசைவே மருந்து என்பதை அதற்கு முன்பே வேலூரில் ஒருவர் தன் உடம்பாலேயே காட்டியிருந்தார். டாக்டர் மேரி வர்கீஸ். சி.எம்.சி.யில் இளம் மருத்துவராக இருந்தபோது, 1954-ல் ஒரு வாகன விபத்தில் முதுகெலும்பு அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. பால் பிராண்ட் கொடுத்த ஊக்கத்தில், சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் கற்றுத் திரும்பி, 1963-ல் சி.எம்.சி.யில் அதற்கென்று தொடங்கிய துறைக்குத் தலைமை ஏற்றார். நோயாளிகள் தங்கிப் பயிற்சி பெறும் நிலையம் 1966-ல் வந்தது. 1972-ல் பத்மஸ்ரீ. முதுகு உடைந்தவரைக்கூடப் படுக்கையில் விட்டுவிடக்கூடாது என்பதுதான் அந்த நிலையத்தின் பாடம். வெறும் பிடிப்பு வந்த நம்மைப் பற்றிச் சொல்லவா வேண்டும்?

இனி செருப்புக்கு வருவோம். செருப்புக்குள் வைக்கும் மெத்தை அட்டைகள் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, அவை இடுப்பு வலி வராமல் தடுப்பதில்லை என்று 2007-ல் சொன்னார்கள். நடுவில் அடிப்பாகம் தொட்டில் மாதிரி வளைந்த விலை உயர்ந்த ஷூ ஒன்று வந்து, முதுகு வலி போகும் என்று விற்றார்கள். லண்டனில் நாள்பட்ட இடுப்பு வலிக்காரர்களிடம் அதையும் சாதாரணத் தட்டை ஷூவையும் கொடுத்து ஒரு வருஷம் பார்த்தார்கள். வளைந்த ஷூ அதிகப் பலன் எதுவும் தரவில்லை என்று 2013-ல் முடிவு வந்தது. இரண்டு பிரிவினருக்கும் உடற்பயிற்சி வகுப்பும் இருந்தது.

ஆக, செருப்பு முதுகைக் குணமாக்காது. ஆனால் குதிகால் வலித்தால் நொண்டி நடப்போம், நொண்டினால் இடுப்பு நோகும், நொந்தால் நடப்பதையே விட்டுவிடுவோம். அந்தச் சங்கிலியை முதல் கண்ணியிலேயே அறுப்பது நல்ல செருப்பு. நம்மை நடக்க வைப்பதோடு அதன் வேலை முடிந்தது. மீதி வேலையை நடைதான் செய்ய வேண்டும். அதற்கும் சாட்சி உண்டு. இடுப்பு வலி வந்து தேறிய 701 பேரிடம் ஆஸ்திரேலியாவில் நடந்த ஆய்வு 2024-ல் வெளிவந்தது. படிப்படியாக நடையைக் கூட்டி, வாரம் 5 நாள் 30 நிமிஷம் என்பதை இலக்காக வைத்து நடந்தவர்களுக்கு வலி திரும்ப வர நடுமதிப்பாக 208 நாள் ஆனது. அப்படிச் செய்யாதவர்களுக்கு 112 நாள்.

நான் கடைப்பிடிப்பதைச் சொல்கிறேன். காலையில் கட்டிலில் மல்லாந்து, முழங்கால்களை மடக்கி, இடுப்பை மெல்லத் தூக்கி இறக்குவது பத்து முறை. நாற்காலியில் கை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவது பத்து முறை. பிறகு வாழைத் தோட்டங்களின் ஓரமாக நடை. பத்து நிமிஷத்தில் தொடங்கி இப்போது அரை மணி. செருப்பின் ஒரு பக்கம் தேய்ந்தால் உடனே மாற்றிவிடுவேன். வலி அடியோடு போகவில்லை. ஆனால் அது என்னைப் படுக்க வைப்பதில்லை.

இரண்டு எச்சரிக்கை. கால் மரத்துப் பலமிழந்தாலோ, சிறுநீர், மலம் கட்டுப்பாடு தவறினாலோ, வலியோடு காய்ச்சலோ உடல் மெலிவோ இருந்தாலோ நடைப்பயிற்சி என்று காத்திருக்காமல் மருத்துவரிடம் ஓடுங்கள். அடுத்து, சர்க்கரையால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் ஆடி வெள்ளியில் ரேணுகாம்பாள் கோயிலுக்கானாலும், திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலத்துக்கானாலும் வெறுங்காலில் போக வேண்டாம். கொதிக்கும் தார் ரோடு சுட்டாலும் அந்தக் கால் சொல்லாது. அம்மன் கோபிக்க மாட்டாள்.

உங்களில் யாராவது அறுபது, எழுபதுகளில் வேலூரிலோ கரிகிரியிலோ இந்தச் செருப்புத் தைக்கும் கூடத்தைப் பார்த்திருந்தால், அங்கே வேலை செய்தவர்களைத் தெரிந்திருந்தால் எனக்கு எழுதுங்கள். பெயர் தெரியாத அந்தக் கைகளைப் பற்றியும் ஒரு நாள் எழுத ஆசை.