மனச்சிதைவு நோயில் கவனமும் அறிதிறன் கட்டுப்பாடும்

மனச்சிதைவு நோய் (ஸ்கிசோஃப்ரினியா) என்றதும் காதில் ஒலிக்கும் குரல்களும் தீராத சந்தேகங்களுமே பலருக்கு நினைவுக்கு வருகின்றன. எடுத்த காரியத்தில் மனத்தை நிறுத்துவது, குறுக்கிடுவதை ஒதுக்குவது, நோக்கத்துக்கேற்பச் செயலை மாற்றிக்கொள்வது ஆகிய திறன்கள் தளர்வதும் இந்நோயின் மையக் கூறுதான். இத்திறன்களை உளவியலார் அறிதிறன் கட்டுப்பாடு என்பர்.

1890களில் இந்நோயைத் தனியே வரையறுத்த ஜெர்மன் மருத்துவர் எமில் கிரப்பெலின், நோயாளிகள் தாமாக முயன்று நெடுநேரம் கவனத்தை நிறுத்த இயலாமல் தவிப்பதைத் தம் பாடநூலில் பதிந்தார். 1908இல் ஸ்கிசோஃப்ரினியா என்று பெயரிட்ட சுவிஸ் மருத்துவர் ஆய்கன் ப்ளாய்லர் இன்னும் நுட்பமான ஒன்றைக் கண்டார். எதிலும் ஒட்டாமல் உட்கார்ந்திருப்பதாகத் தோன்றும் நோயாளி, வார்டில் நடந்ததைப் பின்னொரு நாள் விவரமாகச் சொல்வதுண்டு. கண்ணும் காதும் வாங்கிக்கொள்கின்றன. வேண்டியதைத் தேர்ந்து பற்றுவதில்தான் சிக்கல்.

இதை அளந்து காட்டியவர் டேவிட் ஷாக்கோ. அமெரிக்காவின் வூஸ்டர் அரசு மருத்துவமனையில் அவர் நடத்திய சோதனைகள் எளிமையானவை. முதலில் ஓர் எச்சரிக்கைக் குறி. சிறிது இடைவெளிக்குப் பின் வரும் அடுத்த குறிக்கு உடனே விரலை அசைக்க வேண்டும். இடைவெளி ஒரே சீராக இருந்தால், நலமானவர்கள் அதற்குத் தயாராகி விரைவாகச் செய்தார்கள். நோயாளிகளுக்கோ இடைவெளி சில நொடிகளுக்கு மேல் நீண்டதும் அந்தச் சீர்மையால் பயனில்லாமல் போயிற்று. தயார்நிலையைத் தக்கவைக்க முடியாததே காரணம் என்றார் ஷாக்கோ. பின்வந்த ஆய்வுகள் பலவற்றுக்கும் விதை இதுவே.

1961இல் ஸ்காட்லாந்தின் ஆண்ட்ரூ மெக்கீ, ஜேம்ஸ் சாப்மன் இருவரும் இளம் நோயாளிகளிடமே கேட்டறிந்தார்கள். எல்லா ஒலிகளும் ஒருசேர வந்து மோதுகின்றன, எதையும் விலக்க முடியவில்லை என்ற முறையீடு திரும்பத் திரும்ப எழுந்தது. நோயாளியின் சொல்லையே சான்றாக ஏற்ற அந்த ஆய்வு இன்றும் படிக்கத் தக்கது.

1986இல் டேனியல் வைன்பெர்கர் குழுவினர், அட்டைகளை வகைபிரிக்கும் சோதனையின்போது நோயாளிகளின் நெற்றிப்பகுதி மூளைக்கு இரத்த ஓட்டம் போதிய அளவு கூடவில்லை எனக் கண்டனர். 1992இல் ஜோனதன் கோகன், டேவிட் செர்வன்-ஷ்ரைபர் இருவரும் அப்பகுதியின் டோபமின் இயக்கக் குறைவோடு கவனத் தளர்ச்சியை இணைத்து ஒரு கணினி மாதிரியை உருவாக்கினர். இக்கருத்தைச் சோதிக்கப் பயன்பட்ட ஒரு தேர்வில் எழுத்துகள் ஒவ்வொன்றாகத் திரையில் தோன்றும். 'ஏ'வுக்குப் பின் 'எக்ஸ்' வந்தால் மட்டுமே ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். வேறெழுத்துக்குப் பின் 'எக்ஸ்' வந்தாலும் நோயாளிகள் அதையே அழுத்துவது அதிகம். முந்தைய எழுத்து தந்த குறிப்பு மனத்தில் நிற்பதில்லை என்பது அதன் பொருள். ஷாக்கோ கண்டதும் ஏறத்தாழ இதுதான்.

நோயாளி வேலையில் நிலைப்பதும் பிறரோடு பழகுவதும் அறிதிறனைப் பெரிதும் சார்ந்தவை என்பதை மைக்கேல் கிரீன் 1996இல் தொகுத்துக் காட்டினார். பாதியில் விட்ட வேலையைச் சோம்பல் என்று வீட்டார் கடிவது எவ்வளவு பெரிய அநீதி என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

1950களில் வந்த மருந்துகள் குரல்களைத் தணித்தன. கவனத்தை அவ்வளவாகச் சீராக்கவில்லை. அறிதிறன் பயிற்சி ஓரளவு பலன் தருகிறது; தொழில் மறுவாழ்வோடு சேர்த்து அளிக்கும்போது அப்பலன் கூடுகிறது.