முகவரியும் தொடர்பும்: மலையக நோக்கில் ஒரு வரலாற்றுக் குறிப்பு

மலையகத் தொடர்புச் சாதனங்களின் வரலாறு, பெருந்தோட்டப் பொருளாதாரத்தின் வரலாற்றிலிருந்து பிரித்து நோக்கத்தக்கதன்று. புகையிரதப் பாதை 1874இல் நாவலப்பிட்டியையும், 1884இல் அட்டனையும், 1885இல் நானுஓயாவையும் அடைந்தது. கோப்பிச் செய்கை நலிந்து தேயிலை பரவிய காலம் அது. விளைபொருளைக் கொழும்புத் துறைமுகத்துக்கு இறக்குவதே அப்பாதையின் முதன்மை நோக்கமாயிற்று. லயங்களில் வாழ்ந்த தொழிலாளருக்கோ கடிதம்கூடத் தோட்ட அலுவலகத்தின் வழியாகவே வந்தது. லயத்து அறைக்குத் தனி முகவரி இல்லை. தோட்டத்தின் பெயரே அங்கு வாழ்ந்த அனைவரதும் முகவரி. அண்மைக் காலம் வரை பல தோட்டங்களில் இந்நிலை நீடித்தது. நேர்முகத் தேர்வுக்கான அழைப்பு உரிய நாளுக்குப் பின் கைக்கு வந்தால், இழப்பு அவ்வீட்டுப் பிள்ளைக்கே.

முகவரியை வழங்குபவர் யார், அது கிடைக்கும்வரை காத்திருப்பவர் யார் என்னும் வினா கணினி வலையமைப்பிலும் எழுகின்றது. மனிதரின் அவலத்தையும் கருவியின் தாமதத்தையும் நாம் ஒன்றெனக் கொள்ளவில்லை. ஆயினும் கருவியின் தாமதம் மனிதரின் அவலமாகும் இடமும் உண்டு. அதனைக் காட்டுவதே இக்குறிப்பின் நோக்கம்.

ஒரு கருவியினுள் அமைந்து அதன் பணியை மட்டும் ஆற்றும் சிறு கணினியை உட்பொதிந்த கணினி என்பர். அதன் பணிசெயல் முறைமையையும் வலையமைப்பு வன்பொருளையும் இணைக்கும் மென்பொருளே செலுத்தி, அதாவது டிரைவர். செலுத்தி தொடங்குவதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் கட்டுப்பாட்டுச் சில்லுக்கு மின்னும் கடிகாரத் துடிப்பும் கிடைத்தல் வேண்டும். பின்னர் 48 பிட் வன்பொருள் முகவரி அதில் எழுதப்படும். வரும் செய்திகளை ஏந்த நினைவகத்தில் இடம் ஒதுக்கப்படும். அதன் பின்னரே குறுக்கீட்டுச் சமிக்ஞைக்கு வழி திறத்தல் தகும். முந்தித் திறந்தால் வந்த செய்தியை வைக்க இடமின்றி முறைமை குலையலாம். அடுத்து, கம்பியின் மறுமுனையுடன் வேகம்பற்றிய உடன்பாடு எட்டப்படும். இதற்குச் சில செக்கன்கள் செல்லலாம். இறுதியிலேயே இணைய முகவரி பெறப்படும்.

அம்முகவரி வந்த வழி காலந்தோறும் மாறியுள்ளது. வட்டு இல்லாத கணினிகள் தம் முகவரியை வலையமைப்பிடமே கேட்டறிய 1984இல் ஆர்.ஏ.ஆர்.பி. நெறிமுறையும், 1985இல் பூட்பி நெறிமுறையும் வகுக்கப்பட்டன. 1987இல் வெளிவந்த விஎக்ஸ்வர்க்ஸ் போன்ற முறைமைகளில், பொறியியலாளர் கையால் எழுதிய முகவரி அழியா நினைவகத்தில் வைக்கப்பட்டது. 1993இல் வந்த டி.எச்.சி.பி., முகவரியைக் குறித்த காலத்துக்குக் குத்தகையாக வழங்கிற்று. 1996இல், ஆறாம் பதிப்பு இணைய நெறிமுறையின் ஒரு பகுதியாக, கருவி தன் உள்ளக முகவரியைத் தானே ஆக்கிக்கொள்ளும் முறை வரையறுக்கப்பட்டது. வழங்குபவரைச் சார்ந்திருத்தல் இவ்வாறு படிப்படியாகத் தளர்ந்தது எனலாம்.

இனி மலைச்சரிவுக்கு வருவோம். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மண்சரிவு லயங்களைப் புதைத்தது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் முன்னெச்சரிக்கை அளவுகள் 24 மணி நேரத்தில் 75, 100, 150 மில்லிமீற்றர் மழை என்பவற்றை அடிப்படையாகக் கொண்டவை. 150ஐ எட்டின் மக்கள் வெளியேற வேண்டும். எனவே ஒரு மணி நேரப் பதிவு தவறினாலும் கணக்குப் பிழைக்கும்.

தேயிலைச் சரிவொன்றில் மழைமானி ஒன்று இருப்பதாகக் கொள்வோம். மின் தடைப்பட்டு மீண்டதும் அது சில செக்கன்களில் விழித்தெழும். முகவரி வழங்கும் கருவியோ பிந்தியே எழும். முகவரி கிடைக்கும்வரை ஏனைய பணிகளை நிறுத்துமாறு செலுத்தியின் தொடக்கம் கட்டமைக்கப்பட்டிருந்தால், அவ்வேளை பெய்யும் மழை பதிவாகாது. பெருமழையிலேயே மின்சாரம் அதிகம் தடைப்படுகின்றது என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும். ஆகவே பதிவுப்பணி முதலில் தொடங்குதல் வேண்டும். இணைப்பு பின்னணியில் நிகழ்தல் வேண்டும். இணைப்பு வந்ததும் சேமித்த அளவுகளை நேரக்குறிப்புடன் அனுப்புதல் வேண்டும்.

மற்றொரு தவறும் கவனத்துக்குரியது. ஒரே மென்பொருட் படியை எல்லாக் கருவிகளிலும் பதிக்கும்போது, ஒரே வன்பொருள் முகவரி பலவற்றுக்கு அமைந்துவிடுவதுண்டு. அப்போது ஒன்றுக்குரிய செய்தி மற்றொன்றிடம் செல்லும். எச்சரிவின் மழை எதுவென்றும் தெரியாது. தோட்டத்தின் பெயரே அனைவரதும் முகவரியானபோது கடிதங்களுக்கு நேர்ந்ததும் இத்தகையதே.

தடையற்ற மின்னும் உறுதியான இணைப்பும் உள்ள ஆய்வுகூடத்தில் இக்குறைகள் தென்படா. கட்டமைப்புக் கோப்பின் சில வரிகளில், மலையகம் போன்ற இடங்களில் வாழ்வோர் கணக்கில் எடுக்கப்பட்டனரா என்பது அடங்கியுள்ளது. கருவி நிறுவப்படுமுன் அவ்வரிகளைக் கேட்டுப் படிப்பதும், லயத்து அறை ஒவ்வொன்றுக்கும் தனி முகவரி கோருவதும் தமிழ் மாணவரும் ஆய்வாளரும் ஒருசேர மேற்கொள்ளவேண்டிய பணிகள் என நாம் கருதுகின்றோம்.