கூபாக் கரையில் கூடிய வழக்குகள்

குரோஷிய மொழியில் கய்காவியம், சாகாவியம், ஷ்டோகாவியம் என மூன்று பெரிய வட்டார வழக்குகள் உண்டு. கூபா ஆற்றின் கரையில், பாறைமேல் எழுந்து நிற்கும் ஓஸால் கோட்டையைச் சுற்றி இம்மூன்றும் கலந்து புழங்கின. 17ஆம் நூற்றாண்டில் ஸ்ரின்ஸ்கி, பிராங்கோபன் ஆகிய இரு பிரபுக் குடும்பத்தார் அந்தக் கலப்பு வழக்கையே இலக்கிய நடையாக்கினார்கள். இவர்களை 'ஓஸால் வட்டம்' என்பார்கள்.

1566இல் சிகெத் கோட்டையை உதுமானியரிடமிருந்து காக்கப் போராடி உயிர்விட்ட கொள்ளுத்தாத்தாவைப் பற்றி, நிகோலா ஸ்ரின்ஸ்கி ஹங்கேரிய மொழியில் காவியம் பாடினார். தம்பி பேதார் அதைக் குரோஷிய மொழிக்குக் கொண்டுவந்து, 1660இல் வெனிஸில் அச்சிட்டார். மறு ஆண்டு பேதாரின் மனைவி அனா கத்தரினாவின் ஜெப நூலான 'வழித்துணை' அதே நகரில் வெளிவந்தது. பிற மொழிகளில் நூல்கள் நிறைந்திருக்க, குரோஷிய மொழியில் இவ்வளவு குறைவாக இருக்கிறதே என்ற ஆதங்கத்தை அவர் முன்னுரையிலேயே கொட்டியிருக்கிறார்.

1664இல் உதுமானியரை வென்ற பிறகும் ஹாப்ஸ்பர்க் பேரரசர் லியோபோல்டு வஸ்வார் உடன்படிக்கையில் அவர்களுக்கு விட்டுக்கொடுத்தார். அதைப் பொறுக்காமல் பேதாரும், அனா கத்தரினாவின் சகோதரர் பிரான் கிர்ஸ்தோ பிராங்கோபனும் பேரரசுக்கு எதிராகத் திரண்டு பிடிபட்டார்கள். வீனர் நோய்ஷ்டாட் சிறையில் பிரான் கிர்ஸ்தோ கவிதைகள் எழுதினார். 1668இல்தான் மேடையேறிய மொலியேரின் 'ஜார்ஜ் தான்தேன்' நாடகத்தின் தொடக்கப் பகுதியையும் மொழிபெயர்த்தார். 1671 ஏப்ரல் 30 அன்று இருவருக்கும் சிரச்சேதம் நடந்தது. அனா கத்தரினா 1673இல் கிராட்ஸ் நகர மடமொன்றில் இறந்தார்.

வட்டம் அத்துடன் சிதறியது. ஆனால் அந்த வட்டத்தைச் சேர்ந்த பவுலீன் சபைத் துறவி இவான் பெலோஸ்தெனெத்ஸின் அகராதி கையெழுத்துப்படியாகப் பிழைத்து, 1740இல் ஸாக்ரெபில் அச்சேறியது. அதில் தல்மாசியச் சொற்களுக்கு ஒரு குறி, ஸ்லவோனியச் சொற்களுக்கு வேறொரு குறி. எந்தச் சொல் எந்த ஊர்ப்பக்கத்தது என்று அறிந்தே அவர் அவற்றை ஒரே பக்கத்தில் சேர்த்தார். ஓஸாலின் கலப்பு நடை, எழுதத் தெரியாதவர்களின் தடுமாற்றமல்ல, தேர்ந்தெடுத்த வழி என்பதற்கு இதுவே வலுவான சான்று.

19ஆம் நூற்றாண்டில் பொதுமொழிக்கு ஷ்டோகாவியம் அடித்தளமானது. பிரான் கிர்ஸ்தோவின் சிறைக் கவிதைகள் 1871இல் அச்சானபோது, அவை தோன்றிய நடையில் எழுதுவோர் இல்லாமற் போயிருந்தார்கள்.